ஒரு நாளுக்கு ஒரு மணப்பெண்

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள், தெப்பக்குளம் பக்கத்துத் துணிக்கடையில் ஒரு பெண் ஜாஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்னைத் தெரியலையா? அகிலாண்டம். வைகாசியில திருவானைக்காவல்ல என் கல்யாணத்துக்கு நீங்கதானே மேக்கப் போட்டீங்க.”

“தெரியாம இருக்குமா?” என்று ஜாஸ்லின் சிரித்தாள்.

தெரியவில்லை. மூன்று மணி நேரம் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்த முகம். அந்தக் கண்ணுக்கு மை தீட்டியது அவள் கைதான். தை தொடங்கி அறுபத்திரண்டு மணப்பெண்கள். சில நாட்களில் மூன்று பேர்.

பொன்மலைக் குடியிருப்புக்கு வந்ததும் கணவன் மார்ட்டினிடம் சொன்னாள். ரயில்வே பணிமனையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான்.

“எங்களுக்கு ஷிப்ட் முடிஞ்சு சங்கு ஊதுனா கையைக் கழுவிட்டு வந்துடறோம். உனக்கு யாரு ஊதுவா?” என்றான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மற்ற வருடங்களில் அந்த மாதத்தைத் தூங்கியே தீர்ப்பாள். இந்த முறை காலண்டரோடு உட்கார்ந்தாள். முதலில் போட்ட திட்டத்தில் காலை நடை, தையல் வகுப்பு, இந்தி எல்லாம் இருந்தன.

“இதுக்குக் கல்யாண சீசனே தேவலாம்” என்றான் மார்ட்டின்.

அவற்றையெல்லாம் அடித்தாள். மூன்று மிஞ்சின. ஒரு நாளுக்கு ஒரு மணப்பெண். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே அவளைப் போய்ப் பார்ப்பது. செவ்வாய் விடுமுறை. செவ்வாயன்று எப்படியும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அது ஒன்றாவது சுலபம்.

நான்காம் நாளே நசீரா அழைத்தாள். ஜாஸ்லினுக்கு முதல் கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்தவள். கல்யாண ஏற்பாடுகளை எடுத்து நடத்துபவள்.

“ஆவணியில ஒரே நாள்ல ரெண்டும்மா. ஒண்ணு சமயபுரம், ஒண்ணு ஸ்ரீரங்கம்.”

“ஒண்ணுதான் பண்ணுவேன்க்கா. சமயபுரத்துக்குப் பானுவை அனுப்புங்க, அவளும் நல்லா மேக்கப் போடுவா.”

“போன வருஷம் மூணு பண்ணினியே?”

“பண்ணினேன். அதுல ஒரு முகம்கூட நினைவில்லைக்கா.”

“பானு நம்பரை அனுப்பு” என்று நசீரா போனை வைத்துவிட்டாள். அடுத்து வந்த இரண்டு கல்யாணங்களும் நேராகப் பானுவுக்கே போயின. ஜாஸ்லினுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஆனாலும் காலண்டரில் எழுதிய மூன்றையும் அடிக்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன், மேக்கப் பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போனாள். மணப்பெண் ரங்கநாயகியின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு.

“கொள்ளிடம் பாலத்துல சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்க்கா. அப்போ பன்னண்டு வயசு.”

“மறைச்சுடுங்கோளேன்” என்றாள் காபியோடு வந்த அம்மா.

ஜாஸ்லின் பெண்ணைப் பார்த்தாள். “நீ சொல்லும்மா.”

ரங்கநாயகி யோசித்தாள். “வேண்டாம்க்கா. பொண்ணு பார்க்க வந்தப்போ அவர் முதல்ல கேட்டதே இதைப் பத்தித்தான்.”

“என்ன கேட்டார்?”

அவள் வெட்கத்தோடு சொல்லத் தொடங்கினாள். ஜாஸ்லின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.