நாக்குக்கு அடியில்

"உள்ளேயே சேக்கறீங்களா, இல்ல வந்து போய்ப் பாத்துக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் தையல்காரி வாயை இறுக மூடிக்கொண்டாள். போன தடவை இதே கேள்விக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டவள் அவள்தான். "வீட்லயே பாத்துக்கறேன் டாக்டர். நான் எதுக்கு இருக்கேன்?" கண்ணாடி வெட்டும் வேலைக்காரனான அவள் புருஷன் அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தான். இவள் விட்டால்தானே! குடிகாரனைக் கொண்டுபோய் அடைத்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்ற பயம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அது தெரிந்தும் புருஷன் வாயை மூடிவிட்டு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனாள், மகராசி.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. காலையில் அவள் கையால் மாத்திரை, பிறகு வேலை, வாரம் ஒருமுறை இங்கே வந்து டாக்டரிடம் பேச்சு. ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தால், பையில் அவன் விழுங்காமல் துப்பிய மாத்திரைகள் கரைந்து மாவாக அப்பியிருந்தன. அன்றிலிருந்து ஆரம்பித்தது. "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க." டார்ச் அடித்துப் பார்ப்பாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டாள். தையல் மெஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் போன் போட்டு, நாக்கு குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. காவல்காரியோடு யார் சண்டை போடுவார்கள்? அப்படியும் குடித்தான். நேற்று கை நடுங்கிக் கண்ணாடி நழுவி உள்ளங்கை கிழிந்தது.

இப்போது டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அவன் கையில் போட்டிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேத்துக்கங்க டாக்டர். அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன்." பிறகு, "இவளும் நல்லாத் தூங்கட்டும்" என்றான்.

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கு அரை நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா, பாவி!

வார்டு வாசலில் நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே போகுமுன் அவன் திரும்பினான். தைரியமா இருங்க என்று சொல்லலாம். மன்னிச்சிடுங்க என்று சொல்லலாம். அதற்குப் பதில் எத்தனையோ நாளுக்குப் பிறகு, வெறும் ஆசையில், கையை நீட்டி அவன் தாடையைத் தொட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.