பன்னிக்கறி பஃப்ஸ், பத்துக்கு எட்டு

ஜெனிஃபருக்கு வாயில்லை என்று ஊரே சொல்லும். அது பாதிதான் உண்மை. பேச வாயில்லை, தின்பதற்கும், தின்றதில் குறை கண்டுபிடிப்பதற்கும் நன்றாகவே இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கொடுத்தார்கள். கொடுத்த மூன்றாம் வாரம் அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். "கவர்மென்ட் சைக்கிள வாங்கிகினு கம்பி நீட்டிட்டா பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். நடந்தது தெருவுக்குத் தெரியாது. மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் "இன்னா கறிடி?" என்று கேட்டாள். இவள் பன்னிக்கறி என்று உள்ளதைச் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்தப் பெஞ்சில் இவள் மட்டும்தான். வீட்டில் அம்மா சாராளே, "சிக்கன்னு சொல்லிட்டுப் போயேன்டி, நாங்கல்லாம் சொல்லல?" என்றாள். அதுதான் ஜெனிஃபருக்கு ஆறவேயில்லை.

சைக்கிளை மட்டும் அவள் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தி மகள் சுஷ்மிதாவைக் கூட்டிக்கொண்டு, பன்றிக்கறி எங்கே கிடைக்கும் என்று தேடிக் கிளம்பிவிடுவாள். சுஷ்மிதா பேசி வாங்குவாள். ஜெனிஃபர் சாப்பிட்டுவிட்டு நோட்டில் மார்க் போடுவாள். தோல் மெத்தென்று இருக்கிறதா, கொழுப்பு உருகியிருக்கிறதா, மிளகு தொண்டையில் நிற்கிறதா. கருங்குழிக் கடை வறுவலுக்கு ஐந்துதான் போட்டாள். மசாலாவைப் போட்டுக் கறியை ஒளித்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதினாள்.

நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. ஒரு நாள் சுஷ்மிதாதான் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். கடப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையில் இருந்த பேக்கரியைப் பற்றிய பக்கம் அது. ஞாயிறுதோறும் அங்கே பன்றிக்கறி வைத்த பஃப்ஸ் போடுவார்கள். போர்டில் வெஜ், முட்டை, சிக்கன் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் 'ஸ்பெஷல்' என்று மட்டும் இருக்கும். அது என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்டால் கருப்பு கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, பின்பக்கம் போய்த் தின்னச் சொல்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் மறுபடி அங்கே போனார்கள். உப்பளம் நெடுக எதிர்காற்று. சுஷ்மிதா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே மிதித்தாள். "ஒரு பஃப்ஸுக்கு இவ்ளோ தூரமாடி? ரெண்டு முட்டிலயும் உசுரு இல்ல."

பேக்கரி வாசலில் நான்கு பைக்குகள் நின்றன. கண்ணாடியில் பெரிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"ஏ ஜெனி! உன் கையெழுத்துடி!" என்றாள் சுஷ்மிதா.

அவளுடைய பக்கம்தான். பெரிதாக்கி, கலரில் பிரின்ட் போட்டு ஒட்டியிருந்தார்கள். தோல் மெத்து. கொழுப்பு வாயில் கரைகிறது. பத்துக்கு எட்டு. ஆனால் மேலே அவள் 'பன்னிக்கறி பஃப்ஸ்' என்று எழுதியிருந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, 'ஸ்பெஷல் பஃப்ஸ்' என்று மாற்றியிருந்தது. அடியில் இருந்த வரியைக் காணவில்லை. 'இரண்டு மார்க் குறைத்தது கருப்பு கவருக்கு' என்ற வரி. கத்தரித்துவிட்டார்கள்.

ஜெனிஃபருக்குக் காது சுட்டது. சிக்கன்னு சொல்லிட்டுப் போயேன்டி. இப்போது அவள் கையெழுத்தையே சொல்ல வைத்துவிட்டார்கள்.

சுஷ்மிதா கல்லாவுக்குப் போவதற்குள் அவள் உள்ளே நுழைந்து, மின்விசிறிக்கு அடியில் இருந்த மேசையில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வெஜ் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் பைக்கில் வந்தவர்கள் டீ குடித்தார்கள்.

கடைக்காரர் தீனதயாளன் எட்டிப் பார்த்தார். "இன்னாமா வேணும்?"

சுஷ்மிதா வாயைத் திறந்தாள். ஜெனிஃபர் அவள் கையை அழுத்தினாள். தானே சொன்னாள்.

"பன்னிக்கறி பஃப்ஸ் ரெண்டு. தட்டுல."

தீனதயாளன் அவசரமாக மேசைக்கு வந்து குனிந்தார். "ஸ்பெஷல்னு சொல்லும்மா. அது பார்சல் மட்டும்தான். நாலு பேரு குடும்பத்தோட வர எடம்."

"நாங்களும் குடும்பந்தாண்ணா. அவ என் சித்தி பொண்ணு" என்றாள் சுஷ்மிதா.

"எந்த ஊரு நீங்க? காலனியா?"

"ஆமா" என்றாள் ஜெனிஃபர். வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு அவள் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

"அதாம்மா... பேஜாரு பண்ணாத."

"கண்ணாடில ஒட்டிகினு கீறீங்களே, அது என் நோட்டு."

தீனதயாளனின் முகம் மாறியது. சிரிப்பு வந்தது. "நீதானா அந்தப் பொண்ணு? அடடா, சொல்ல வேணாவா! உன்னாலதான்மா ஞாயித்துக்கெழம ஆளு வருது. இன்னொரு மார்க் ஏத்திப் போடு, நான்..."

"பேர மாத்திட்டீங்க. கடசி வரிய வெட்டிட்டீங்க."

"வியாபாரம்மா."

அவள் எழுந்து வெளியே போனாள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். தாளுக்குக் கீழே இருந்த வெற்றுக் கண்ணாடியில் எழுதப் பார்த்தாள், பேனா பிடிக்கவில்லை. சுஷ்மிதா தன் கைப்பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்து நீட்டினாள். "புதுசுடி. பாத்து எழுது."

வெட்டிய வரி சிவப்பில் திரும்ப வந்தது. பைக்கில் வந்தவர்களில் ஒருவர் வெளியே வந்து தலைப்பிலிருந்து உரக்கப் படித்தார். "ப்ரோ, இது போர்க்காம்! உள்ள குடுக்க மாட்டாங்களா?" வெஜ் பஃப்ஸ் குடும்பத்தில் அம்மாக்காரி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாக்காரர் எழவில்லை. "டீ பாதி கீது, உக்காரு" என்றார்.

ஜெனிஃபர் மறுபடி போய் அதே மேசையில் உட்கார்ந்தாள்.

தீனதயாளன் கண்ணாடியைப் பார்த்தார், பைக்கில் வந்தவர்களைப் பார்த்தார், எழுந்து நின்ற அம்மாக்காரியைப் பார்த்தார். உள்ளே போனார். வெகு நேரம் கழித்து இரண்டு பஃப்ஸோடு வந்தார். கருப்பு கவர் இல்லை. கேக் டப்பாவின் அட்டை மூடியைத் திருப்பிப் போட்டு, அதில் வைத்திருந்தார்.

நல்ல வாசனை. போன தடவையைவிட மேலோடு நன்றாக உப்பியிருந்தது. ஒன்பது கூடப் போடலாம். சுஷ்மிதாவின் கை நீண்டது. ஜெனிஃபர் அந்த அட்டையை இரண்டு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தட்டு" என்றாள்.

"ஆறிடும்மா."

"ஆறட்டும்."

அவர் நின்றார். அவள் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.