வளைவை விட்டு நழுவிய புள்ளிகள்

...பச்சை, பச்சை, எல்லாமே பச்சை, பட்டியலில் ஒரு முக்கோணம்கூடக் கோணலில்லை, ஆனாலும் நம்பிக்கை வராமல் காவேரி கம்ப்யூட்டர் திரையில் படத்தை இன்னும் பெரிதாக்கினாள், பஸ்ஸின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, அது வளைகிற இடம்... அடக் கடவுளே, வளைவையே காணோமே! அந்தப் படத்தின் மேல் அவள் போர்த்திய முக்கோண வலையின் புள்ளிகள் இரும்பின் மேல் உட்கார வேண்டியவை, உள்ளே இறங்கிக் கிடந்தன, வழுவழுவென்று திரும்ப வேண்டிய இடம் தோல் சீவிய மாங்காய் போலப் பட்டை பட்டையாக. காலையில் முக்கோணங்களைச் சீராக்கும் பட்டனைத் தட்டினாளே, 'பரப்பை விட்டு நகராதே' என்ற கட்டத்தில் டிக் போட்டாளா? போடவில்லை. முக்கோணம் அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் அந்தப் பட்டியல் பார்க்கும், இரும்பின் மேல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? இந்த வலையை வைத்துத்தான் இரும்பின் பலத்தைக் கணக்குப் போடுவார்கள், விரிசல் விடுவதென்றால் அந்த வளைவில்தான் விடும், கணக்கோ அங்கே பயமில்லை என்று சொல்லிவிடும், அப்புறம் தொப்பூர் இறக்கத்தில் ஐம்பது பேரோடு ஒரு பஸ்... சீ, நினைக்கவே கூடாது.

பெங்களூரிலிருந்து டீம் லீடர் மாதவராஜ் போனில். "டேபிள்ல எல்லாம் பச்சையாத்தானம்மா இருக்குது, பன்னெண்டு மணிக்கு அனுப்பிரு, அத யாரு பெருசு பண்ணிப் பாக்கப் போறாங்க?" "நான் பாத்துட்டனுங்களே சார்." சொன்னது அவளேதானா, இவ்வளவு துடுக்காகவா? சொந்த ஊர் இண்டூரில் வூட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டதை மாதம் ஒருமுறை சொல்லிக் காட்டுகிறவர், வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ, எடுக்கட்டும், தன் பெயரைப் போட்டுப் பொய்யை அனுப்ப அவளால் முடியாது, முடியவே முடியாது. "அனுப்ப மாட்டனுங்க சார். வளைவப் புதுசா போடணும், சாயங்காலம் ஆயிரும்." அந்தப் பக்கம் பெருமூச்சு. "போன மாசம் லாரிக்கு இதே மாதிரி ஒண்ண நீதான குடுத்த, அப்ப இந்தக் கறாரெல்லாம் எங்க போச்சு?"

போன மாதம்... அப்போது அந்த டிக்கைப் போட்டாளா... பச்சையைப் பார்த்ததும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனது மட்டும்தான் நினைவிருக்கிறது, வளைவைப் பெரிதாக்கிப் பார்த்த நினைவு இல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக. யார் மேல்? சரி, அவமானம் வந்தால் வரட்டும். "லைன்லயே இருங்க சார், அந்த ஃபைலையும் தொறக்கறேன்." "வேணாம்மா," என்றார் மாதவராஜ், அவள் சொல்லி முடிப்பதற்குள், "அத மட்டும் தொறக்காத." அந்த வேகத்தில்தான் அவளுக்குப் புரிந்தது, அவர் அதை முன்பே பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.