படுக்கை மாறிப்போன ஜெபம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மத்தியானச் சாப்பாட்டின் நடுவே என் மச்சான் சொன்ன ஜோக். ஒரு போதகர் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். தன் சபைக்காரர் என்று நினைத்துப் பக்கத்துப் படுக்கைக்காரன் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டாராம். அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், சபைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குப் புரையேறிவிட்டது.

"அப்புறம் அந்தப் பாஸ்டர் என்ன பண்ணாரு?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? ஜோக் அவ்ளோதான் மாப்ள."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

*போதகர் கடவுளை நம்புவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.*

(அடித்துவிட்டேன். நம்பாத போதகர் என்றால் உங்களுக்கும் பிடிக்கும், எனக்கும் வேலை சுலபம். ஆனால் இவர் நம்புகிறவர். காலையில் பல் தேய்ப்பதைப் போல, யோசிக்காமல் நம்புகிறவர்.)

*வெளியே மழை*

(வேண்டாம்.)

ஜன்னலோரப் படுக்கையில் சபைக்காரரான தையல்காரர் இல்லை. முந்தின நாள் வரை இருந்தார். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே கேட்டதால் காலையில் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னலோரத்துக்கு ஒரு லாரி டிரைவர் வந்து சேர்ந்திருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஆக்சிஜன் மாஸ்க்.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் போதகர் அரக்கப்பரக்க வந்தார். வாசலிலேயே பாதிக் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் அவருக்கு. நேராக ஜன்னலோரம் போய், தலையில் கைவைத்து, தையல்காரரின் பெயரைச் சொல்லி உருகி உருகி ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், முன்பின் பார்த்திராத ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"டைம் ஆச்சு சார், கிளம்புங்க" என்றார் நர்ஸ்.

இன்னொரு நிமிஷம் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பெயரைச் சரியாகத்தானே சொன்னோம், மேலே இருக்கிறவருக்குத் தெரியாதா என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் தையல்காரர் இறந்தார். மறுநாள் டிரைவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கஞ்சி கேட்டார்.

3

போதகரின் அவஸ்தையை நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். குற்ற உணர்ச்சி என்று நினைத்து நாலு பக்கம் எழுதினேன். இப்போது படித்தால், பரிதாபத்துக்கு அலைகிற பக்கங்கள்.

அவரைப் படுத்தியது வேறு. பலிக்காத ஜெபங்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. எத்தனை சாவு வீடுகளில் சொல்லிப் பழகிய பதில்! பலித்த ஜெபத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. பெயர் தையல்காரருடையது, தலை டிரைவருடையது. கடவுள் கையைப் பார்த்தாரா? பேச்சைக் கேட்கவே இல்லையா? வெறும் தற்செயலா? தற்செயல் என்றால் இத்தனை வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி சோறு காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியொரு நாளில் டிரைவரே வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் சாமி கும்பிடுற ஆளே இல்ல பாஸ்டர். ஆனா நீங்க கை வச்சதும் நெஞ்சுக்குள்ள சூடா ஏதோ இறங்குச்சு. பேரை மட்டும் மாத்திச் சொன்னீங்க. பரவால்ல, எத்தனை பேரைத்தான் ஞாபகம் வச்சுப்பீங்க! ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லணும். அந்தப் பேரையும் சொல்லப் போறேன், எல்லாரும் சிரிப்பாங்க."

அவர் போன பிறகு போதகரின் மனைவி டீக் கோப்பையை எடுக்க வந்தார். அவருக்கு விஷயம் முழுதும் தெரியும்.

"தையல்காரரு சம்சாரம் ரெண்டாவது வரிசைலதான் உக்காருவாங்க. புருஷன் பேரு மைக்ல வந்தா என்ன ஆவாங்க? அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய் நீங்களே சொல்லிடுங்க."

4

முடிவு அ: போதகர் டிரைவரை ஏதோ சாக்குச் சொல்லித் தடுத்துவிடுகிறார். (இது நான் செய்வது. அவர் செய்யமாட்டார்.)

முடிவு ஆ: டிரைவர் பேசுகிறார், தையல்காரரின் மனைவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், சபையே அழு (எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துப் போட்டேன்.)

சனிக்கிழமை காலையில் போதகர் தையல்கடைக்குப் போனார். கணவர் பாதியில் விட்டுப்போன சட்டைகளுக்கு அந்த அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் ஜெபம் பண்ணது..."

"பக்கத்துப் படுக்கைக்கு" என்றார் அவர், ஊசியை நிறுத்தாமல். "தெரியும் ஐயா. மருந்து வாங்கிட்டு வந்து வாசல்லதான் நின்னேன்."

(இங்கே அவரை அழவைப்பதாக இருந்தேன். அவர் அழவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.)

"கூப்பிட்டிருக்கலாமே அம்மா!"

"ஜெபத்துக்கு நடுவுல எப்படிப் பேசுறது? முடிச்சிட்டு இந்தப் பக்கம் வருவீங்கன்னு நினைச்சேன். தலையைக் குனிஞ்சு நானும் ஆமென் சொன்னேன். நிமிர்ந்து பார்க்குறதுக்குள்ள நீங்க என்னைத் தாண்டிப் போயிட்டீங்க."

போதகர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த டிரைவரை ரோட்டுல பார்த்தேன் ஐயா. கல்லு மாதிரி இருக்காரு. தூக்கம் போச்சு எனக்கு. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரரு பிழைச்சிருப்பாரா?"

போதகர் பழகிய பதிலுக்கு வாயெடுத்தார்.

"கர்த்தரோட சித்தம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துட்டேன்."

5

இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"பிழைச்சிருக்கமாட்டாரும்மா, என் ஜெபத்துல ஒண்ணும் இல்ல" என்று அவர் சொன்னால் இந்த அம்மா இன்றைக்காவது தூங்குவார். ஆனால் டிரைவர் வந்துபோனதிலிருந்து போதகருக்கு, பயமும் சந்தோஷமுமாக, முதல் தடவையாக ஒரு சந்தேகம்: ஒருவேளை யாரோ நிஜமாகவே கேட்கிறார்களோ! அதை இந்தக் கடையிலேயே மறுத்துவிட்டு நாளைக்கு யார் தலையில் கை வைப்பார்? இல்லை, நம்புவதையே சொல்லிவிடுவதா? சொன்னால், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம், உன் புருஷன் சாவுக்கு நீதான் காரணம் என்று சொன்ன மாதிரி ஆகும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் என் பேனா எழுதியது, அவர் வாயில் ஒன்றும் ஒட்டவில்லை. என்னால் முடியவில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் வந்து இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

சொல்லுங்கள்.