பெரட்டில் கூப்பிட்ட பெயர்

கொச்சியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை என்று கடிதம் வந்த அன்றுதான், எங்கள் தேயிலை எஸ்டேட்டிலும் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கொழுந்து எடுக்கும் வேலை. யார் கேட்டார்கள்?

கேட்டது என் அம்மா செபமாலையம்மாள்தான். மாதக் கடைசியில் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்கலாம். அதனால், நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோதே, இங்கே எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல என் பெயரைக் கொடுத்து ரேகை வைத்திருந்தாள். எனக்கு வயது இருபது. என் பெயருக்கு என் கையெழுத்து வேண்டாமாம், அம்மாவின் பெருவிரல் போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெயரை எடுக்கச் சொல்லி எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் துரை நான் நீட்டிய கொச்சிக் கடிதத்தைத் தொடக்கூட இல்லை.

"என்ன வேலை இது?"

"கார்டு பஞ்ச் பண்றது சார். விவரத்தையெல்லாம் அட்டையில ஓட்டையாக் குத்திக் குடுத்தா கம்ப்யூட்டர் படிச்சுக்கிடும். டெஸ்ட்டுல நாப்பது பேர்ல நாந்தான் பஸ்ட்டு."

"ஓட்டை போட ஒரு படிப்பு!" துரை சிரித்தார். பக்கத்தில் நின்ற, கணக்கெழுதும் ரைட்டர் பவுல்ராஜும் சிரித்தார். அவர் எங்கள் கோயில்காரர்தான்.

"பேரை வெட்டிரலாம். ஒண்ணாந்தேதி வீட்டை ஒழிச்சுரணும்" என்றார் துரை.

"முப்பத்தாறு வருசம் எங்கம்மா கொழுந்தெடுத்தாளே, அது காணாதா சார்?"

வெளியே போகச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். "யாரக் கேட்டு ரேகை வச்சே?" கொச்சியில் எனக்குக் கிடைப்பது பெண்கள் விடுதியில் ஒரு கட்டில், தாயைச் சேர்க்க மாட்டார்கள். அதையும் சொன்னேன்.

ஒண்ணாந்தேதி காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கூடையோடு நின்றேன். அவளைத் தெருவில் விட்டுவிட்டு நான் எங்கே போக?

"கத்தரீனாள்!" என்றார் பவுல்ராஜ்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். என் முதுகிலிருந்த கூடையைப் பிடுங்கி, அங்கே நின்றிருந்த துரையின் காலடியில் போட்டாள்.

"அவ வரமாட்டா. ரேகை வச்சது நானு. என்னையக் கேளுங்க. வீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க."

மதியத்துக்குள் பவுல்ராஜ் எங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். பாத்திரச் சாக்கோடு பஸ் ஏறினோம். எனக்குக் கொச்சி என்றேன். அம்மாவுக்கு எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.