ஏழாம் எண் வைரம் கேட்டது

1
இந்தக் கதை ஒரு டப்பா மாறியதில் பிறந்தது. அதை மறைத்துத் தொடங்கிப் பார்த்தேன்.

ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் அன்று மழை (இல்லை, நல்ல வெயில்.)

வீப்கே சிறு வயதிலிருந்தே (எனக்கெப்படித் தெரியும்?)

சரி, நேராகவே. நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். ஆய்வுக்கூடத்தில் வைரம் கழுவுகிறேன். நகை வைரமல்ல, அரிசியளவுத் தகடுகள். உள்ளே ஓர் அணு இருக்கவேண்டிய இடம் காலி. பக்கத்தில் ஒரு நைட்ரஜன். பச்சை லேசர் பட்டால் அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். அருகிலுள்ள அணுக்கருக்களின் காந்தத் துடிப்புக்கேற்ப ஒளி கூடும், குறையும். மேலே புரதத்தை ஒட்டினால் அதன் ஹைட்ரஜனைக் கேட்கலாம். கேட்டால்தான் இங்கே ஆய்வு மாணவியான வீப்கேவுக்கு முனைவர் பட்டம். நான்கு வருடமாகக் கேட்கவில்லை.

2
செவ்வாய்க்கிழமை கேட்டது.

"தில்மான், ஓடி வா! ஹைட்ரஜன் துடிப்பு சரியான இடத்துல வந்து உட்கார்ந்திருக்கு பாரு!" வீப்கே கத்தினாள்.

கூட வேலை செய்யும் தில்மான் பிரெட்ஸெல் ரொட்டியை மென்றபடி வந்தான். "போன மாசமும் இதையேதான் சொன்ன. கடைசியில பார்த்தா அது லிஃப்ட் மோட்டாரோட துடிப்பு."

"முழுங்கிட்டுப் பேசுடா. திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பறேன்."

"அப்போ நாளைக்குக் கேக் எங்க?"

இங்கே நல்லது நடந்தவர்தான் கேக் சுட்டு வரவேண்டும். புதன்கிழமை பிளம்ஸ் கேக் வந்தது. முதல் துண்டு எனக்கு.

"சாப்பிடு ஆன்ட்யா. நீ கழுவின வைரம்தானே!"

சாப்பிட்டேன். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். புரதம் ஒட்டிய ஒன்பதாம் எண் டப்பா முத்திரை பிரியாமல் இருந்தது. நான் அவளிடம் கொடுத்தது அமிலத்தில் கொதித்த, புரதமே ஒட்டாத வெறும் ஏழு.

3
(அடிக்குறிப்பு: வைரத்தின் கார்பனிலும் ஒரு வகை துடிக்கும். அதன் வேகத்தின் நான்கு மடங்கு ஏறக்குறைய ஹைட்ரஜனுடையது. கருவி சில சமயம் ஏமாறும். அதாவது, வைரம் தன்னையே கேட்டுவிட்டு வேறு யாரோ பேசியதாகச் சொல்லும்.)

வீப்கேவை எழுதும்போதும் இதே சந்தேகம். அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தினாளா? ஒருமுறையாவது கத்தவேண்டும் என்ற என் ஆசையா?

4
முடிவு அ: சொல்லிவிடுகிறேன். அவள் என்னை

முடிவு ஆ: சொல்லவில்லை. கட்டுரை போகிறது. எங்கோ ஒருவர் வெறும் வைரத்தை வைத்துப் பார்க்கிறார். அதே துடிப்பு. அவள் பெயர்

இரண்டையும் முடிக்க முடியவில்லை. மூன்று நாளாக அவள் மேசைவரை போய்த் திரும்புகிறேன். சொல்ல வாய் வரவில்லை. எழுத வருகிறது.

5
வாசகருக்கு என்று எழுதிவந்தேன். வாசகர் ஒருவர்தான், வீப்கே. இந்த நோட்டை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. உனக்குத் தெரிந்ததையே விளக்கியிருக்கிறேன். சொல்லவேண்டியதைத் தள்ளிப்போட வேறு வழி தெரியவில்லை.

இன்று வெள்ளி. இந்த நோட்டை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒன்பதை எடுத்து வரவில்லை, வெளியே வைத்தால் புரதம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டு, இடது ஓரம். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.