காந்தா ஆரஞ்சு

காந்தா உயிரோடு இருந்தவரை அவள் பேச்சில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாத கோவிந்தன், அவள் போன பிறகு அவள் வைத்த கல்லை அரை அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். புருஷன்மார்களுக்கு இந்தப் புத்தி எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

ஜோகுபாளையத்தில் மாடி வீடு. முன்னறையில், மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. வடிகட்டிய தண்ணீரில் உப்புத்தூள் கரைத்து வீட்டிலேயே உண்டாக்கிய கடல் அதற்குள் இருந்தது. பெங்களூர்க்காரர்கள் நிஜக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் காந்தா கல் பவளம் வளர்த்தாள். மாலையில் கோக்கிற பவளம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிர்கள் ஒன்றுகூடி, தங்களுக்கென்று கல்லால் வீடு கட்டிக்கொண்டு, அதன் மேலேயே வாழ்கிற கூட்டம். செடி மாதிரி வளரும், ஆனால் செடி இல்லை. கல் மாதிரி இருக்கும், ஆனால் சாகும்.

அல்சூரில் ஒரு பல் டாக்டரிடம் காந்தா வரவேற்பு வேலை பார்த்தாள். வருகிறவர்களின் பயம் தெளியட்டும் என்று டாக்டர் வெளியறையில் வைத்த தொட்டி அது. கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துவிட்டது. பாசி படிந்தது, மீன் போனது. "தூக்கிப் போட்டுடும்மா" என்றார். காந்தா தூக்கினாள், போடவில்லை. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தொட்டியின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கோவிந்தன் அப்போது பொம்மசந்திராவில் ஒரு மருந்து ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருந்தார். தண்ணீர் விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. "அது எப்பவோ செத்துப்போச்சு, சுரண்டிப் போடு" என்றார். காந்தா வழக்கம்போல அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தாள். அந்தப் பொட்டு வளர்ந்தது. தட்டாக விரிந்தது, தட்டின் மேல் இன்னொரு தட்டு, அதற்கு மேல் ஒன்று. அடுக்கிவைத்த அப்பளம் மாதிரி ஆனது. அதற்கு மாண்டிபோரா என்று பெயர். அதற்குப் பிறகு தொட்டிக்கு எத்தனையோ வந்தன, எல்லாமே பிறர் தொட்டியில் வளர்ந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். ஆனாலும் வீட்டின் மூத்த பிள்ளை மாண்டிபோராதான்.

காந்தா இருந்த நாளின் ஞாயிற்றுக்கிழமைகள் கோவிந்தனுக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கும். கீழ்வீட்டிலிருந்து பிரியாணி வாசம் மேலேறி வரும். காந்தா புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டிருப்பாள். கல்லில் பவளத்தை ஒட்டுகிற பசையை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே, அது கோவிந்தன். ஒட்டிவிட்டு இறங்கி வந்து அவரை வாசலுக்கு விரட்டுவாள்.

"இன்னாங்க, அங்க நின்னு பாருங்க. கண்ணு மொதல்ல எங்க போவுது?"

"கிச்சனுக்கு."

"பசிச்சா சொல்லித் தொலைங்க. டேங்க்ல எங்க போவுதுன்னு கேட்டேன்."

அப்போதெல்லாம் முதுகு வலிக்கிறது, லீவு நாளில்கூட உட்கார விடமாட்டேன் என்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார். இப்போது அப்படி ஒரு முதுகுவலி கிடைக்குமென்றால் எதையும் கொடுப்பார்.

தட்டுகள் பெரிதானால் டாக்டர் கழித்துப்போட்ட பல் அறுக்கும் சக்கரத்தால் காந்தா அவற்றை வெட்டி, கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுப்பாள். பவளம் வளர்ப்பவர்களிடம் அது ஒரு பழக்கம். நம் வீட்டில் செத்தாலும் நாலு வீட்டில் பிழைத்திருக்கும், அன்றைக்குப் போய்க் கேட்டு வாங்கலாம். முதல் துண்டு சுஹாஸ் என்ற ஐடி பையனுக்குப் போனது. பிறகு அவன் வெளிநாடு போனான், அவன் தொட்டியும் யார் கைக்கோ போனது.

மூன்று வருஷம் முன்பு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன காந்தா திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து தொட்டி கோயில் கர்ப்பகிரகம் ஆகிவிட்டது. எந்தப் பவளம் எங்கே இருந்ததோ அது அங்கேயே. ஆனால் பவளம் உயிர் இல்லையா? அது பாட்டுக்கு வளர்ந்தது. மாண்டிபோராவுக்குப் பக்கத்தில் ஹாமர் என்றொரு பவளம் இருந்தது. சதைப்பற்றான விரல்களை ஆட்டிக்கொண்டு சாதுவாகத்தான் நிற்கும். இருட்டியதும் நீளமான இழைகளை வெளியே விட்டு, எட்டுகிற தூரத்தில் யார் இருந்தாலும் கொட்டும். மாண்டிபோராவின் ஓரம் கொட்டுப்பட்டு வெளுக்க ஆரம்பித்தது.

மகள் வீணா ஒரு ஹோட்டலில் முன்பதிவுப் பிரிவில் வேலை பார்ப்பவள். தொட்டிக்கு உப்புத்தண்ணீர் கலப்பது அவள் பொறுப்பு.

"ப்பா, அந்த ஹாமர எடுத்து இந்தக் கோடியில வெச்சா முடிஞ்சுது. நீ எதுக்கு மாண்டிபோராவ வெட்டினே இருக்க?"

"உங்கம்மா வெச்ச எடம். இருக்கட்டும்."

ஹாமரையும் நகர்த்தவில்லை, மாண்டிபோராவையும் நகர்த்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் காந்தா விட்டிருந்த இடைவெளி மாறாதபடி மாண்டிபோராவின் ஓரத்தை மட்டும் மாதாமாதம் வெட்டினார். வெட்டிய துண்டை, வந்து கேட்டவர்களிடம் முகத்தைக்கூடப் பார்க்காமல் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்தது. மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில், காந்தா இதே தொட்டிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். கடைசியாக எடுத்த படம். வருகிற சொந்தக்காரர்கள் படத்தையும் தொட்டியையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், இம்மியும் வித்தியாசம் தெரியக் கூடாது என்று கோவிந்தனுக்கு ஓர் ஆசை. படத்தைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாண்டிபோராவைத் தண்ணீரிலிருந்து எடுத்து, படத்தில் இருக்கிற அளவு வரும்வரை சுற்றிலும் ஒரே மூச்சில் அறுத்தார். அறுத்ததைக் குப்பையில் போட்டார்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், வடை பாயசம் சாப்பிட்டார்கள், போனார்கள். தொட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெட்டின இடம் வழக்கம்போல ஆறவில்லை. வெள்ளை விளிம்பிலிருந்து உள்ளே ஏறியது. கோவிந்தன் தண்ணீரைச் சோதித்தார், மாற்றினார், விளக்கைக் குறைத்தார், தனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தார். தலைகீழாக நின்றும் பலனில்லை. இரண்டு வாரத்துக்குள் அடிவரை வெளுத்து, அதன் மேல் பச்சையாகப் பாசி படிந்துவிட்டது. வீணா வேலைக்குப் போகும்வரை காத்திருந்து, தரையில் உட்கார்ந்து அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை. அப்போது செய்வதற்கு ஆயிரம் வேலை இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை. அவளைத் தன் கையாலேயே இன்னொரு தரம் அனுப்பிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

துண்டு வாங்கிப் போனவர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. கடைசியில் வீணாதான் பவளம் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: ஆரஞ்சு மாண்டிபோரா ஒரு துண்டு யாரிடமாவது கிடைக்குமா? சாயங்காலமே பதில் வந்தது. அதைப் படித்த வீணா போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"காந்தா இருக்கு. ஆனேக்கல் வந்து எடுத்துக்கோங்க. சிவசங்கரன்."

கோவிந்தன் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். விடிந்ததும் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ் பொம்மசந்திராவைக் கடந்தபோது, அத்தனை வருஷம் வேலை செய்த ஆலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

சிவசங்கரன் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். "பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, பேச்சு வாக்கில் தமிழுக்கு மாறி, கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூடத்துச் சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி. அதன் நடுவில் அது நின்றது.

கோவிந்தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு பெரியதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. தட்டுக்கு மேல் தட்டாகச் சுருண்டு விரிந்து, தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற அகலத்துக்கு ஆரஞ்சாக நின்றது. அதன் மடிப்புகளுக்குள் சின்ன மீன்கள் போய்ப் போய் வந்தன.

"இதான் சார் காந்தா" என்றார் சிவசங்கரன். "காந்தா ஆரஞ்சுன்னு முழுப் பேரு. ரொம்ப கெட்டி. புதுசா ஆரம்பிக்கறவங்க யார் கேட்டாலும் மொதல்ல காந்தா வைங்கன்னுதான் சொல்வேன்."

"அது ஏன் அந்தப் பேரு?"

"யாருக்கு சார் தெரியும்? இந்தோனேசியா பக்கம் காந்தான்னு ஒரு தீவு இருக்குதாம். அங்கருந்து வந்ததுன்றாங்க."

காபி கொண்டுவந்த அவர் மனைவி எல்லம்மா குறுக்கே புகுந்தாள். "அய்ய, தீவும் இல்ல ஒண்ணும் இல்ல. அது யாரோ ஃபாரின் சயின்டிஸ்ட் பேருண்ணா. இவருக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல மாட்டாரு."

கோவிந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எதை அடக்குவதென்று தெரியாமல் காபி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தீவு இல்லம்மா. எங்க வீட்டுக்காரி. பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருந்தா."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவசங்கரன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எல்லம்மா எதிரே தரையில் உட்கார்ந்து, "அக்கா எப்படி இருப்பாங்கண்ணா?" என்று கேட்டாள்.

இந்த மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் எப்படிப் போனாள் என்று கேட்டார்கள், எப்படி இருந்தாள் என்று கேட்கவில்லை. கோவிந்தன் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டோவில் தொட்டி வந்ததைச் சொன்னார், செத்துவிட்டது என்று தான் சொன்ன ஆரஞ்சுப் பொட்டைச் சொன்னார். தன்னை வாசலில் நிற்கவைத்துப் படுத்தின பாட்டைச் சொன்னார்.

"சும்மா இருக்கவே தெரியாதும்மா அவளுக்கு. இன்னிக்கு ஒரு எடத்துல வெப்பா. ரெண்டு மாசம் போனா பாத்துப் பாத்து அலுத்துப்போச்சும்பா, இதுக்கு எடம் பத்தலம்பா, மொத்தத்தையும் கலைச்சு மறுபடி வெப்பா. ஒரு தரம் வெச்ச மாதிரி இன்னொரு தரம் வெச்சதே…"

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. மூன்று வருஷமாக அவர் கட்டிக்காத்தது காந்தாவின் கைவரிசையே இல்லை. காய்ச்சல் வந்து கலைக்க முடியாமல் போன ஒரு மாதத்தின் கோலம். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அவளே அதைக் கலைத்திருப்பாள். அதற்காகத்தான் அவள் பிள்ளையை மாதாமாதம் அறுத்துக்கொண்டிருந்தார். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அவள் இங்கே தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது, அந்த அவமானத்துக்கு நடுவிலேயே சந்தோஷமும் பொங்கியது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லம்மா இன்னொரு காபி போட எழுந்து போனாள்.

சிவசங்கரன் தண்ணீரில் கைவிட்டு, மேல்தட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை உடைத்துப் பையில் கட்டிக்கொடுத்தார். "சின்னதா இருக்குன்னு நெருக்கி வெச்சிடாதீங்க சார். அதுக்கு எடம் வேணும்" என்றவர், யாரிடம் யோசனை சொல்கிறோம் என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா சொல்லுங்க. எனக்குத்தான் சொல்லணும்" என்றார் கோவிந்தன்.

வீடு வந்தபோது வீணாவுக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். தொட்டித் தண்ணீரின் சூடு துண்டுக்குப் பழகட்டும் என்று பையை அதில் மிதக்கவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு கோவிந்தன் துண்டை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"எங்கப்பா ஒட்டணும்? பழைய எடத்துலயேவா?"

"நீயே பாத்து வை. எதை வேணா நகத்திக்கோ."

வீணா அப்பாவின் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறைதான். ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சுடிதாரின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். செத்த கூட்டை அடியோடு பெயர்த்து வெளியே எடுத்தாள். ஹாமரை அதன் இடத்திலிருந்து கழற்றி, வலது கோடிக்குக் கொண்டுபோனாள். அது கோபித்துக்கொண்டு விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. காந்தாவின் விரல் கடைசியாகப் பட்ட இடம் வெறும் பாறையாக நின்றபோது கோவிந்தனுக்குப் பகீரென்றது. ஆனாலும் தடுக்கவில்லை.

வீணா வெகுநேரம் யோசித்துவிட்டு, இடதுபுறத்து உயரமான பாறையின் உச்சியில், சுற்றிலும் ஒன்றுமில்லாத இடத்தில், துண்டை அழுத்தி வைத்தாள்.

காந்தாவாக இருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டாள். எங்கே வைத்திருப்பாள் என்பதும் கோவிந்தனுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். பசை பிடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோள்வரை நனைந்து நிற்கிற மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.